ஒன்பது வரை நீளும் குரல்

மண்ணரை என்ற ஊரில், பனியன் துணி பின்னும் பதினான்கு நிட்டிங் மெஷின்கள் ஓடிய ஒரு யூனிட்டில் பத்தொன்பது வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். எண்பதுகளின் கடைசியில், சரக்கைச் சோதிக்க வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது என் மேசையில் ஒரு கேசட்டை வைத்துவிட்டுப் போனார். அவர் நாட்டு இசை நாடகங்களில் கதாநாயகி தனியாக நின்று பாடும் பாட்டுகள், பக்கத்துக்கு ஐந்து. எல்லாம் ஒரே பெண்மணி பாடியவை.

முதல் தடவை கேட்டபோது சண்டை பிடிக்கிறார் என்றே நினைத்தேன். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகுதான் அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று தேட ஆரம்பித்தேன். நான்காம் பாட்டில் ஆறு இடம் கண்டுபிடித்தேன். ஏழாவது ஒன்று இருந்தே ஆகவேண்டும், பிடிபடவில்லை. உச்சியிலிருந்து பதினொரு படி இறங்குவார், ஒரு படியிலும் கால் தடுக்காது. முடிவில் மறுபடி மேலே போய் ஒரே சுரத்தைப் பிடித்து, அறுந்துவிடாமல் நூலாக மெலியவிடுவார். நிதானமாக எண்ணினால் ஒன்பது. பாஷை தெரியாது. யாரோ போய்விட்டார், இவர் இன்னும் கதவைச் சாத்தவில்லை என்று மட்டும் தோன்றும். அந்த ஒன்பதுக்காகவே தினமும் வேலை முடிந்து வந்து போடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அது ஏழாயிற்று. ஒரு மாதம் கழித்து ஆறு.

மெஷின் சத்தம் மாறினால் முதலில் எண்ணெய் பார்ப்பது எங்கள் பழக்கம். டேப் ரெக்கார்டரைத் திறந்து, நிட்டிங் ஊசிகளுக்கு விடும் எண்ணெயை மூன்று சொட்டு விட்டேன். அந்த அம்மையார் தள்ளாடித் தள்ளாடிப் பாட ஆரம்பித்துவிட்டார்.

காதர்பேட்டையில் ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தபடியே, "ஏனுங்க சார், இதுல எத்தனை பனியன் ஓட்டலாம்னு இருந்தீங்க?" என்றார். பிறகு கேசட்டைப் போட்டுக் காட்டினார். ஒரு குறையும் இல்லை, கடைசி வரைக்கும் சுத்தமாக இருக்கிறது என்றார். எனக்கு அங்கேயும் ஆறுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. நான் கூப்புட்டாலே இப்பெல்லாம் ரண்டாவது தடவைக்குத்தானுங்க திரும்பிப் பாக்கறீங்க."

அவள்தான் மெதுவாகப் பேசுகிறாள் என்று ஒரு வருடமாகக் கடிந்துகொண்டிருந்தேன். பத்தொன்பது வருட மெஷின் சத்தத்தில் ஒரு நாள்கூட நான் காதில் பஞ்சு வைத்ததில்லை.

அவளை எதிரே உட்காரவைத்து, கடைசிச் சுரம் நிற்கும்வரை விரல் மடக்கி எண்ணச் சொன்னேன். ஆறில் எனக்கு அறை அமைதியாகிவிட்டது. அவள் ஏழாவது விரலை மடக்கினாள். எட்டாவதை மடக்கினாள். ஒன்பதாவதை மெல்ல மடக்கி நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

உண்மையாகவே கேட்டுத்தான் மடக்கினாளா, ஒன்பது என்று நான் ஓயாமல் சொன்னது ஞாபகம் இருந்து மடக்கினாளா? சரிபார்க்க எனக்கு வழியில்லை. மறுபடி போடச் சொன்னேன்.