மொட்டைத் தலைக்கு வாங்கிய சீப்பு

உங்கள் அத்தை பண்டிகைக்கு வரும்போதெல்லாம் அவள் பையிலிருந்து முதலில் வெளியே வருவது ஒரு பச்சைச் சீப்பு. பிடி நீளமாக இருக்கும். நடுவில் பற்கள் உதிர்ந்து, ஓட்டைப் பல் கிழவன் சிரிப்பது போல இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினால் என்ன என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவள் சிரித்துக்கொண்டே சீவ ஆரம்பித்துவிடுகிறாள். அதனால் நான் எழுதி வைக்கிறேன். அந்தச் சீப்பைத் திருமலையில் ஒரு கடையில் வாங்கினோம். வாங்கியபோது அவள் தலையில் ஒரு முடி கூட இல்லை. என் தலையிலும் இல்லை. இரண்டு மொட்டைகள் நின்று ஒரு சீப்புக்குப் பேரம் பேசியதைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்துச் சிரித்து, கடைசியில் கேட்ட விலைக்கே கொடுத்தார்.

உங்கள் அத்தை எனக்குத் தம்பியாகப் பிறந்தவள் என்று ஊரில் சொல்வார்கள். தான் பெண் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். எங்களுக்குத்தான் தெரிந்துகொள்ள நாளாயிற்று. சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் வந்த புதிது. எங்கள் அப்பா நைனா வெளியில் கெட்டி, உள்ளே திருப்பதி வெங்கடேசப் பெருமாளுக்குப் பயந்தவர். நான் மாம்பழக்கூழ் பேக்டரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்போதுதான் திருப்பதியில் தெருவுக்குத் தெரு வெளியூருக்குப் போன் பேசும் எஸ்.டி.டி. பூத் முளைத்தது. தமிழும் தெலுங்கும் கலந்து பேச ஆள் வேண்டும் என்று ஒரு பூத்காரர் அத்தையைச் சேர்த்துக்கொண்டார். மீட்டர் ஓடினால் போதும், உட்கார்ந்திருப்பவர் புடவை கட்டியிருக்கிறாரா, கால்சட்டை போட்டிருக்கிறாரா என்று அவர் பார்க்கவில்லை. ஆனால் நைனா பார்த்தார். "ஆடி பொறக்கறதுக்குள்ள அங்க ஒரு ரூம் புடிச்சிக்கோ. இல்லன்னா கிராப்பு வெட்டிக்கினு வந்து சேரு. மாமன் பொண்ணு காத்துக்கினு கீது" என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு அறை கிடைத்தால் திருப்பதி. கிடைக்காவிட்டால் மணமேடை, அதுவும் மாப்பிள்ளையாக.

திருப்பதியில் அறை கிடைப்பது சாமி தரிசனத்தை விடக் கஷ்டம். மாத வாடகைக்குக் குடிவைப்பதை விட, மலைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் பல மடங்கு வரும் என்று அங்கே எல்லா வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். சித்தூரில் ஒரு வீடே எடுக்கிற பணத்துக்கு அங்கே கட்டில் போடக்கூட இடம் கொடுக்கமாட்டார்கள். அத்தை சத்திரங்களில் தங்கினாள். ஒரு சத்திரத்தில் ஒரு நாளைக்கு மேல் விடமாட்டார்கள் என்பதால் தினமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சத்திரத்துக்குப் போய், அப்போதுதான் ரயிலில் வந்திறங்கிய பக்தை மாதிரி வரிசையில் நிற்பாள். ஒரு சத்திரத்துக் குமாஸ்தா, "இன்னும் தரிசனம் ஆகலையா?" என்று பரிதாபப்பட்டு, சீக்கிரம் கிடைக்க வழி சொல்லிக் கொடுத்தாராம்.

நான் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனேன். இரண்டு பேரும் தெருத் தெருவாக அலைந்தோம். காரியத்தைக் கெடுத்தது அவள் முடிதான். ஆண் பிள்ளைக் கிராப்பிலிருந்து வளர்ந்துகொண்டிருந்த முடி, கழுத்துக்கும் வராமல் காதிலும் நிற்காமல், துடைப்பம் மாதிரி நின்றது. அதில் கொண்டை ஊசிகளைக் குத்தி ஒரு முழம் மல்லிகைப்பூவைத் தொங்கவிட்டிருந்தாள். புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க்காரம்மா ஒருத்தர் எங்களை உட்காரவைத்து, தாமும் காபியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அத்தை மரியாதையாகக் குனிந்து கும்பிட்டாள். ஊசி நழுவி, மொத்தப் பூவும் அந்த அம்மாவின் டம்ளருக்குள் விழுந்தது. அவர் பூவைப் பார்த்தார், முடியைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். ரூம் காலி இல்லை என்று சொன்னார். அவர் தலைக்கு மேலேயே 'ரூம் காலி' என்ற பலகை ஆடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மலைக்குப் படி தொடங்கும் அலிபிரியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தோம். ஆடிக்கு அதிக நாள் இல்லை. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குடும்பம் குடும்பமாக மொட்டைகள், மண்டையில் சந்தனம்.

"அண்ணா, இந்த ஊர்ல மொட்டை போட்ட பொம்பளைய எவனாச்சும் ஏற இறங்கப் பார்த்துக்கினு கீறானா?" என்றாள்.

அந்த முடிக்காக அவள் வீட்டில் வாங்கிய அடி எனக்குத் தெரியும். ராத்திரி தூங்கும்போது யாராவது வெட்டிவிடுவார்கள் என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தவள். வேண்டாம் என்று சொன்னேன். அவள் எழுந்து படி ஏற ஆரம்பித்தாள். நானும் பின்னாலேயே போனேன். மேலே தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மொட்டை போடுகிறவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கத்தியைத் துடைத்துக்கொண்டே, "தல வஞ்சம்மா" என்றார். தலையைக் குனியம்மா என்று அர்த்தம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒருத்தர் அவளை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் தோள் குலுங்கியது. முடி போகிற துக்கம் என்று நினைத்து அவர், "மள்ளி ஒஸ்துந்தி லேம்மா", திரும்ப வளர்ந்துவிடும் என்று சமாதானம் சொன்னார். எனக்கு வேண்டுதல் ஒன்றும் கிடையாது. துணைக்கு நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வளரத்தானே போகிறது என்று அப்புறம் கடைக்குப் போய் அவள் சீப்பு வாங்கினாள்.

கீழே இறங்கித் தெருவில் நடந்தபோது ஒரு வாசலிலிருந்து, "ரூம் வேணுமாம்மா? சுடுதண்ணி கீது" என்று குரல் வந்தது. திரும்பினால், அதே காபி அம்மா. நான் ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அத்தை நின்றுவிட்டாள். முடி கொடுத்துவிட்டு வருகிறாயே, என்ன வேண்டுதல் என்று அவர் கேட்டார். சாமி விஷயத்தில் அத்தைக்குப் பொய் வராது.

"குடியிருக்க ஒரு ரூம் கெடைக்கணும்னு வேண்டிக்கினேம்மா."

அந்த அம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்தார். கொல்லைப்புறம் தண்ணீர் மோட்டாரை ஒட்டிய அறை. மோட்டார் போட்டால் கட்டில் தானாக நகரும். நாள் வாடகைக்கு யாரும் நிற்காத அறைதான், ஆனாலும் வாடகை கண்ணைக் கட்டியது. கொஞ்சம் குறைக்கச் சொல்லி நான் கெஞ்சினேன். "சாமி ரூம் குடுக்கச் சொன்னாரு. வாடகையக் கொறைக்கச் சொல்லல" என்றார்.

ஆடிக்கு முந்தின நாள் நைனா வந்தார். கையில் மஞ்சள் பை, பையில் அத்தைக்கென்று புது வேட்டி, சட்டை. கூட்டிக்கொண்டு போகவே வந்திருந்தார். வாசலில் அந்த அம்மா, "வாங்க, உங்க பொண்ணு முடி குடுத்து வேண்டிக்கினு வந்த வீடு இது" என்று காபி கொடுத்தார். உங்க பொண்ணு என்ற சொல்லுக்கே நைனாவின் டம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது. அப்போது அத்தை மொட்டைத் தலையோடு வந்து நின்றாள். சாமிக்குக் கொடுத்த தலையைத் திட்டக்கூடாது என்று எங்களுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்ததே நைனாதான். பாவம், அவர் திட்டுவதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தார். கடைசியில், "சந்தனம் பூசிக்கினியா? வெயில்ல மண்டை எரியும்" என்றார். காபியை முழுசாகக் குடித்தார். போகும்போது வேட்டி சட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கிழிகிறவரை நான்தான் உடுத்தினேன். மாமன் பொண்ணு ஒரு பஸ் கண்டக்டரைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள்.

ஆனால் முடி சும்மா இருக்குமா? முளைத்து, மறுபடி துடைப்பம் ஆகப் பார்த்தது. அந்த அம்மாவுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டால் அறை போய்விடும் என்று அத்தைக்குப் பயம். மறுபடி மலை ஏறி மொட்டை போட்டுக்கொண்டாள். தெருவில் அவளுக்குப் பக்தை என்று பேர் வந்துவிட்டது. எப்படியும் போகிறாய், என் பையனுக்கும் அமெரிக்கா விசா வேண்டிக்கொள் என்று ஒரு வீட்டார் கேட்டார்கள். மாமியார் பேச்சைக் குறைக்க வேண்டும் என்று இன்னொரு வீட்டார் கேட்டார்கள். விசா வந்தது. மாமியார் விஷயம் சாமியாலும் முடியவில்லை. சீப்பு மட்டும் பெட்டியில் புதுசாகவே கிடந்தது.

மூன்றாவது தடவை அவள் கிளம்பியபோது அந்த அம்மா வாசலை மறித்து நின்றார். கையில் ஒரு முழம் மல்லிகை.

"போதும், இந்த வாட்டி வளத்துக்கோ. வளந்ததும் இப்படிப் பூ வெச்சிக்கினு வா. ஆனா என் காபியில போட்டுடாதே."

அத்தை பூவைக் கையில் வாங்கிக்கொண்டாள். முதலிலிருந்தே தெரியும் என்றால் ஏன் அறை கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள்.

"நீ கேட்டது சாமிகிட்ட. அவரு என் வாசலுக்கு அனுப்பிட்டாரு. நடுவுல நின்னு இல்லன்னு சொல்ல நான் யாரு?" என்று சொல்லிவிட்டு, மோட்டார் போடப் போய்விட்டார்.

இந்தப் பொங்கலுக்கு வந்த அத்தையை நீங்கள் பார்த்தீர்கள். நரை கலந்த முடி இடுப்பைத் தாண்டுகிறது. பல் உதிர்ந்த அந்தச் சீப்பு முடிக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வரவே அரைமணி ஆனது. நான் அன்று கொடுத்த முடியில் பாதிதான் திரும்பி வந்தது, அதுவும் இப்போது போய்விட்டது. தலையைத் தடவிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சீவி முடித்ததும் சீப்பை என் பக்கம் நீட்டினாள்.

"இந்தா அண்ணா. வாங்கறப்ப நானும் இப்படித்தான் இருந்தேன்."