எதிர்மலையை எண்ண முடியாத கண்

எனக்கு வலக்கண் மட்டும்தான் பார்வை. இடக்கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் தவிர எதுவும் தெரியாமல் போய்ப் பல காலம் ஆகிறது. கண்கட்டி வந்தது வலக்கண்ணில். எங்காவது வந்தே தீர வேண்டுமென்றால் அந்தச் செத்த கண்ணில் வந்திருக்கக் கூடாதா என்று அன்று முழுக்கப் புலம்பினேன்.

நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்ந்தவன் நான். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தித் தலை எண்ணி மலைக்கு அனுப்புவதும், மாலையில் எண்ணி இறக்குவதும் என் வேலை. வேலை போயிற்று, பழக்கம் போகவில்லை. வேலித் தூண்கள், கூரைத் தகரங்கள், பேருந்தில் நின்றுகொண்டு வருபவர்கள், எதையும் எண்ணாமல் விட முடிவதில்லை.

என் மனைவி குளவி கொட்டி இறந்தவள். கொழுந்து பறிக்கும்போது கூடு கலைந்துவிட்டது. பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை உருவித் தலையில் போர்த்திக்கொண்டு ஓடி வந்தார்கள். ஓர் ஆள் குறைகிறது என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அன்று வேறு மலையில் நின்றேன்.

அவள் இறந்த அதே மலையில்தான் இப்போது என் மகள் கொழுந்து பறிக்கிறாள். அது எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு நேர் எதிரே இருக்கிறது. வாசலில் நாற்காலி போட்டு அவள் கூட்டத்தை எண்ணுவேன். பதினேழு பேர். கடைசி நிரையில் நீலச் சட்டை என் மகள். பதினேழும் சரியாக வந்தால்தான் எனக்குத் தேநீர் இறங்கும்.

கட்டி முதலில் கடுகளவுதான் இருந்தது. மகள் நாமக்கட்டியைக் கல்லில் உரசி இமைமேல் பற்றுப் போட்டாள். லயத்தில் எல்லோரும் செய்வதுதான், எல்லோருக்கும் ஆறியும் விடுகிறது. காயும்வரை கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அது பெண்கள் மலையேறும் நேரம். எண்ணாமல் எப்படி இருப்பது? திறந்தேன். காய்ந்துகொண்டிருந்த பற்று வெடித்துத் தூளாகக் கண்ணுக்குள் விழுந்தது. இரண்டு கையாலும் கசக்கினேன்.

பிறகு கட்டி உடைந்தது, சீழும் போனது. வீக்கம் மட்டும் போகவில்லை. இமை திரண்டு பாதிக் கண்ணை மூடிக்கொண்டது. மிச்சப் பாதியில் மணல் கிடந்து அறுப்பதுபோல் உறுத்தல், ஓயாமல் நீர்.

மகள் வேலைக்குப் போகாமல் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார்.

"ரொம்பக் கசக்கிட்டீங்க ஐயா. கருவிழியில கீறல் விழுந்து புண்ணாகி, தழும்பாயிருக்கு."

"பழையபடி தெரியுமாங்க?"

"மருந்து போடுங்க, சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க. வீக்கம் மெதுவா வடியும். தழும்பு அப்படியேதான் இருக்கும் ஐயா. இனிமேலாச்சும் கை வைக்காதீங்க."

திரும்பும்போது பேருந்தில் மகள் என் கையைப் பிடித்தபடியே வந்தாள். கசக்கிவிடுவேன் என்ற பயம்.

"மலை ஏறினதும் நான் ஒரு சத்தம் குடுக்கிறேன்ப்பா. என்னைய எண்ணிக்கங்க."

"ஒருத்திய எண்ணவா ஒரு கணக்கப்புள்ள?"

"ரிட்டயர் ஆன கணக்கப்புள்ளைக்கு அது போதும்" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை எதிர்மலையிலிருந்து "அப்பாவ்!" என்று கேட்டது. கையைத் தூக்கிக் காட்டினேன். மலை எனக்கு வெறும் பச்சைப் புகை. ஆனாலும் அந்தப் புகைக்குள் அவள் இருக்கிறாள் என்று தெரிந்தது. அந்த ஒரு குரலைப் பிடித்துக்கொண்டே காலம் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

மற்றப் பெண்கள் விடுவார்களா?

"கணக்கப்புள்ள ஐயா, நானும் வந்துட்டேன்! பேரு போட்டுக்கங்க!"

"அவளுக்கு அரைப்பேரு போடுங்கய்யா, அரைநாள் சம்பளம் போதும், லேட்டா வந்தா!"

"ஆமா, இவுக விடியக்காலையிலேயே வந்து நின்னாக!"

பிறகு அதுவே அவர்களுக்குத் தினசரி விளையாட்டாகிவிட்டது. மலை ஏறியதும் எல்லோருமாகச் சேர்ந்து "அப்பாவ்!" என்கிறார்கள். பின்னாலிருக்கும் பாறை அதை இன்னொரு முறை சொல்கிறது. அதில் என் மகள் குரல் எது, எத்தனை குரல், ஒன்றும் பிடிபடவில்லை.

"அதுகளும் உங்களுக்காகத்தானப்பா கத்துதுங்க" என்றாள் மகள். உண்மைதான். வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? வீக்கம் வடிந்தால் பார்க்கலாம் என்று அவள் ஒவ்வொரு மாலையும் இமையைத் தொடாமல் உற்றுப் பார்க்கிறாள். கொஞ்சம் வடிந்துதான் இருக்கிறது. திறந்த அளவுக்குப் புகைதான் கூடுதலாகத் தெரிகிறது.

இன்றும் கூவினார்கள். கையைத் தூக்கினேன். ஒத்தடத்துக்குத் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தபோது எதிர்மலையில் திடீரென்று கூச்சல். ஒருத்தி வீறிட்டாள், பலர் சேர்ந்தார்கள். சிரிப்பா, அலறலா? எழுந்து வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகளைக் கூப்பிட்டேன். அவ்வளவு தூரம் என் குரல் போகாது.

சத்தம் அடங்கியது. இறங்கி ஓடி வருகிறார்களா, நிரைக்குத் திரும்பிவிட்டார்களா, தெரியவில்லை. துணி கையிலேயே ஆறிப்போயிருந்தது.