சிந்தர் கௌர் சுமந்த அடுப்பு முறை

1991ஆம் ஆண்டு பிப்ரவரி பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு ஜஸ்மேல் கௌர் தன் ஓரகத்தியை முதன்முதலாகப் பார்த்தாள். பர்னாலாவை அடுத்த அந்தக் கிராமத்து வீட்டு வாசலில், புதுமணப்பெண்ணான அவள் தலையைச் சுற்றி மாமியார் ஆரத்திபோல நீர்ச்செம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், முழங்கை வரை மாவு அப்பிய கைகளோடு நின்றிருந்தார் மூத்த மருமகள் சிந்தர் கௌர்.

"உள்ள வா, மேலோ," என்றார் அவர். பெயரைச் சுருக்க யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. "இனிமே இந்த வீட்டு அடுப்புல பாதி உன்னோடது. ஒரு வாரம் நான், ஒரு வாரம் நீ. ஏமாத்தினா கரண்டியாலயே பேசுவேன்."

சில ஆண்டுகள் முறை தவறாமல்தான் நடந்தது. மகன் பிறந்த பிறகு ஜஸ்மேலின் உடம்பு இறங்கத் தொடங்கியது. உண்டது எதுவும் தங்கவில்லை, வயிற்றுப்போக்கு ஓயவில்லை. முகம் வெளிறியது, எலும்புகள் வலித்தன, இரண்டு கருக்கள் கலைந்தன. ஒரு மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் காசநோய் என்று முடிவு கட்டி மாதக்கணக்கில் மருந்து விழுங்க வைத்தார். மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார். சிந்தர் கௌரோ தமக்குத் தெரிந்த ஒரே பத்தியத்தைக் கைவிடாமல் செய்தார்: கோதுமை ரவையைக் குழைய வேகவைத்து, நெய் விட்டு, ஆற்றி ஊட்டினார். அந்த அன்புதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

2002 ஏப்ரலில், அறுவடை உச்சத்தில் இருந்தபோது, ஜஸ்மேலின் விரல்கள் கொக்கிபோல மடங்கி இறுகிக்கொண்டன. கால்கள் வீங்கியிருந்தன, கண் திறக்கவும் தெம்பில்லை. அவள் கணவன் நிர்பை சிங் வயலிலிருந்து ஓடி வந்து, "கதிர் அறுக்கிற இயந்திரம் வந்து நிக்குது, பாபி. சாயங்காலம் வரைக்கும் தாங்குவாளா?" என்று அண்ணியிடம் தடுமாறினான்.

"கதிர் நாளைக்கும் நிக்கும். இவ நிக்க மாட்டா. வண்டியை எடு," என்றார் சிந்தர் கௌர்.

லூதியானாவில் ஒரு மருத்துவமனை. மருத்துவர் சோஹல் என்ற பெண்மணி நரம்பு வழியே மருந்து ஏற்றச் செய்து, விரல்களின் இறுக்கம் தளர்ந்த பிறகு கட்டிலருகே அமர்ந்தார். பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டிவிட்டு ஒதுக்கி வைத்தார்.

"பீபி, வருஷத்துல எந்த மாசம் உனக்கு நல்லா இருக்கும்?"

"நல்லா இருந்ததே இல்ல டாக்டர்ஜி," என்றாள் ஜஸ்மேல்.

"பொய் சொல்றா," என்று சிந்தர் கௌர் குறுக்கிட்டார். "குளிர்ல, லோஹ்ரிப் பண்டிகை சமயத்துல என்கூடச் சண்டை போடுவா. சண்டை போடத் தெம்பு இருந்தா நல்லா இருக்கான்னுதானே அர்த்தம்? ஏப்ரல்ல வைசாகித் திருநாள் தாண்டிட்டா வாயே திறக்க மாட்டா."

மருத்துவர் நிமிர்ந்தார். "குளிர்காலத்துல உங்க வீட்டுல என்ன சாப்பாடு?"

"கடுகுக்கீரை இருக்கிற வரைக்கும் எங்க மாமனாருக்கு ரெண்டு வேளையும் மக்காச்சோள ரொட்டிதான் வேணும். அவருக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணுன்னு யார் தட்டுறது? எல்லாருக்கும் அதுதான்."

"மத்த நாள்ல?"

"கோதுமை ரொட்டி. உடம்பு முடியலன்னா கோதுமைக் கஞ்சி. நானே காய்ச்சிக் குடுப்பேன்," என்று பெருமையாகத் தொடங்கிய சிந்தர் கௌரின் குரல், மருத்துவரின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் தேய்ந்தது.

சிலருடைய உடம்பு கோதுமையிலுள்ள புரதத்தைப் பகையாகக் கருதித் தன் குடலையே தாக்கிக்கொள்ளும் என்று மருத்துவர் விளக்கினார். பெரியவர்களுக்கும் வரும்; முற்றினால் உயிருக்கே கேடு. உறுதி செய்ய இரத்தப் பரிசோதனை வேண்டும். வாய்வழியே குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுக்க வேண்டும். "அதுவரைக்கும் கோதுமையை நிறுத்திடாதீங்க. நிறுத்தினா குடல் ஆற ஆரம்பிச்சிடும், நோய் கண்ணுல படாம போயிடும்."

"விஷம்னு சந்தேகப்பட்டுக்கிட்டே ஊட்டச் சொல்றீங்களே," என்றார் சிந்தர் கௌர். ஆனாலும் ஊட்டினார். துணுக்கு எடுக்கும் வரை ஒவ்வொரு ரொட்டித் துண்டையும் வாயருகே கொண்டுபோகும் முன் அவர் இன்னும் சிறிதாகக் கிள்ளியதை ஜஸ்மேல் பார்த்தாள். அதை அவள் பிறகு ஒருபோதும் மறக்கவில்லை.

முடிவு வந்தது. காசநோய் இல்லை. விரல் விரலாக எழுந்து நிற்க வேண்டிய குடலின் உட்பரப்பு, பரம்படித்த வயல்போலத் தட்டையாகிக் கிடந்தது. இனி வாழ்நாள் முழுவதும் கோதுமை ஆகாது.

"கோதுமையா? நாங்க விளைவிக்கிறதே அதுதானே டாக்டர்ஜி," என்றான் நிர்பை சிங்.

"விளைவிச்சு மண்டியில வித்துடு," என்றார் சிந்தர் கௌர். "அவ வாயில போடச் சொல்லி யார் கேட்டா?"

வீடு திரும்பியதும் ஜஸ்மேலுக்கென்று தனித் தவா வந்தது. ஆலையில் கோதுமை மாவு கலந்துவிடும் என்பதால் சிந்தர் கௌர் பரணிலிருந்த திருகைக் கல்லை இறக்கி மக்காச்சோளத்தைக் கையாலேயே அரைத்தார். கோதுமை மாவு பறக்கும் அடுப்படிப் பக்கம் அவளை அண்டவே விடவில்லை.

"உன் முறையெல்லாம் இனி நான் பாத்துக்கறேன். இனாம்னு நினைக்காதே, மேலோ. நான் படுத்த படுக்கையா ஆனதும் வட்டியோட வாங்கிப்பேன். தலை வாரணும், கால் பிடிக்கணும், நான் திட்டுறதையும் கேக்கணும்."

"இப்பவே கேட்டுக்கிட்டுதானே இருக்கேன், பெஹ்ன்ஜி."

"அது இனாம்."

உடம்பு தேறியது. ஆனால் மழைக்காலத்தில் தேறுதல் நின்றுபோனது. கால்வீக்கம் மெல்லத் திரும்பியது. சிந்தர் கௌர் அவளைச் சுவரோரம் நிறுத்தி, "திருட்டு ரொட்டி தின்னுறியா?" என்று கேட்டார். ஜஸ்மேல் அழுதுவிட்டாள். தான் பிழைக்கவே போவதில்லையோ என்ற பயம் அன்று மறுபடி வந்தது.

மறுநாள் காலை இருவரும் வழக்கம்போல் குருத்வாராவில் அருகருகே அமர்ந்திருந்தார்கள். கோதுமை மாவை நெய்யில் வறுத்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறிய பிரசாதம் உள்ளங்கையில் சுடச்சுட விழுந்தது. ஜஸ்மேல் வாயருகே கொண்டுபோனபோது சிந்தர் கௌர் அவள் மணிக்கட்டைப் பற்றினார்.

"நில்லு. இது என்ன?"

"பிரசாதம், பெஹ்ன்ஜி. இது சாப்பாடு இல்லையே."

 சிந்தர் கௌரும் நாள்தோறும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான். ரொட்டியை எண்ணினார், கஞ்சியை எண்ணினார், குருவின் பிரசாதத்தை உணவோடு சேர்த்து எண்ண அவருக்கும் தோன்றியிருக்கவில்லை. நேரே புனித நூல் ஓதும் கிரந்தியிடம் போனார்.

"வாங்காம இருந்தா அவமரியாதை ஆகுமா, பாபாஜி?"

முதியவர் தாடியை நீவிக்கொண்டார். "ரெண்டு கையாலயும் வாங்கட்டும். நெத்தியில ஒத்திக்கிட்டுப் பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் குடுக்கட்டும். பகிர்ந்துக்கத்தானே பிரசாதம்?"

அன்றிலிருந்து ஜஸ்மேலின் வலப்பக்கம் சிந்தர் கௌருக்கு உரிய இடமாயிற்று. அடுத்த வைசாகிக்கு ஜஸ்மேல் தலையில் தீவனக்கட்டு சுமந்து நடந்தாள். அதற்கடுத்த ஆண்டு ஒரு மகளும் பிறந்தாள்.

"உன் பங்கையும் சேத்துத் தின்னு எனக்குச் சர்க்கரை வியாதி வந்துடுச்சு," என்று பின்னாளில் சிந்தர் கௌர் ஊரார் முன்னிலையில் முறையிடுவார். "அதையும் கணக்குல ஏத்திக்கோ, மேலோ."

ஏற்றிக்கொண்டாள். சிந்தர் கௌருக்குச் செய்ய வேண்டியவற்றை அவள் மனத்துக்குள் ஒத்திகையே பார்த்து வைத்திருந்தாள்: எந்த எண்ணெய், எந்தச் சீப்பு, மெத்தையை எந்தச் சன்னலோரம் போடுவது என்பதுவரை. அவர் முதுமையடைவதற்கு ஏறக்குறைய ஆவலோடு காத்திருந்தாள் என்றே சொல்ல வேண்டும்.

சிந்தர் கௌர் படுக்கவே இல்லை. 2019 ஜனவரியில் ஒரு காலைப்பொழுது, ஜஸ்மேலுக்காக மக்காச்சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தவாவில் இருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டது ஜஸ்மேல்தான்.

பத்தாம் நாள் பிரார்த்தனை முடிந்து பிரசாதம் வழங்கினார்கள். ஜஸ்மேல் இரு கைகளாலும் வாங்கி, நெற்றியில் ஒற்றி, பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பினாள். அங்கே அமர்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

ஜஸ்மேலின் அடுப்பு முறைகள் அத்தனையும் கடனாக அவள் பெயரிலேயே நிற்கின்றன. வட்டியோடு வாங்குவேன் என்றவர் ஒரு நாளைக்குக்கூடக் கேட்கவில்லை.