பட்டியில் இல்லாத செம்மறி

தைப்பொங்கல் விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, என் ஆராய்ச்சியைக் கவனித்துவந்த யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் நான் காட்டிய படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஒரு ஆட்டை நம்பி நான் ஓமெண்டு சொல்ல ஏலாது. இன்னொரு சாட்சி கொண்டு வாரும். இல்லாட்டித் தலைப்பை மாத்துவம்."

கிருமி உடம்புக்குள் நுழைந்ததும் அதை அடையாளம் காணும் புரதம் ஒன்று உண்டு. குதிரை லாடம் போல வளைந்திருக்கும். பசு, எருமை, வெள்ளாடு மூன்றிலும் அதன் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியிருந்தேன். வெள்ளாட்டில் மட்டும் ஒரு வளையம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. எனக்கு அதுதான் உயிர். அவரோ, புரதத்தின் எழுத்து வரிசையைப் பதிந்தவர்கள் விட்ட பிழையாக இருக்கும் என்றார்.

மாட்டுப் பொங்கல் காலையில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து எங்கள் லய வீட்டுக்குப் பின்னாலிருந்த மாட்டுப்பட்டியில் அப்பாவோடு பசுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளாடு என் பாவாடையை மென்றுகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பட்டியில் கண்ட மிருகங்களைத்தான் எடுத்திருக்கிறேன். பட்டியில் இல்லாத எருமைகூட, கடையில் வாங்கும் எருமைத் தயிர்ச் சட்டியின் தயவில்தான் வந்து சேர்ந்தது. எங்கள் தோட்டத்தில் யாரும் செம்மறி வளர்த்ததில்லை, அதனால் உலகத்திலேயே செம்மறி கிடையாது என்று இருந்துவிட்டேன். நல்ல மிருக வைத்திய மாணவி! வெள்ளாட்டுக்கு அதைவிட நெருங்கிய சொந்தம் வேறு யார்?

வாளியைப் போட்டுவிட்டு டவுனுக்கு ஓடினேன். பொங்கலென்று பாதிக் கடைகள் பூட்டு. நல்லவேளை, இன்டர்நெட் வைத்திருந்த முஸ்லிம் அண்ணனின் கடை திறந்திருந்தது; அவரை ஊரே நானா என்றுதான் கூப்பிடும். செம்மறியின் வரிசையைத் தேடி எடுத்தேன். வளையம் வரும் இடத்தில் வெள்ளாட்டுக்கு இருந்த அதே எழுத்துகள்! வடிவம் கட்டித்தரும் இணையதளத்துக்கு அதை அனுப்பிவிட்டு, நானா தந்த பிளேன்டீயைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்குப் பிறகு வடிவம் வந்தது. செம்மறியின் வளையமும் அதே பக்கம் துருத்தி நின்றது. இரண்டு மிருகங்களுக்கும் ஒரே பிழையா விழும்? தலைப்பு இனி என்னுடையதுதான். சந்தோஷம் தாங்காமல் நானாவுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுத்த ஆளுக்கு இடம் விடலாமா என்று கேட்டார்.

வீட்டில் பசு மாலையோடு நின்றது. அப்பா வாழையிலையில் பொங்கலை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். முதல் கவளம் பசுவுக்கு என்பது வழக்கம். நான் அதை அள்ளிக்கொண்டு போய் வெள்ளாட்டுக்கு ஊட்டினேன்.

"என்னா புள்ள, மாட்டுக்கு முன்னாடி ஆட்டுக்கா?"

"இது பொய் சொல்லலைங்கப்பா," என்றேன்.