புவனாவின் பாட்டு நின்ற இடம்

என்னைப் போல இன்னொரு மடையன் மாத்தளை டவுனில் இருந்தால் தயவுசெய்து கை தூக்குங்கள். துணைக்கு ஆள் தேவைப்படுகிறது.

போன வாரம் இதே இடத்தில் புவனாவின் முதல் இசைத்தட்டைப் பற்றி எழுதியிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் மெத்தச் சந்தோஷம். இருக்கிற துரதிர்ஷ்டசாலிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புவனா பல்லேபொலப் பெண். டவுனில் ஒரு லோயரின் ஒஃபிசில் டைப்பிஸ்ட். பகலில் டைப்ரைட்டர், மாலையில் கிற்றார். வரி, மெட்டு, குரல் மூன்றும் சொந்தம். கொழும்பில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியிருக்கிறார். “சினிமா மெட்டில் பாடித் தந்தால் பார்க்கலாம்” என்றார்களாம். புவனா மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தானே நான்கு பாட்டுகளை ஒரு தட்டாகப் போட்டுவிட்டார். ஊர்ப்பாட்டு மணக்கிற பொப் இசைப் பாட்டுகள்.

தட்டை வாங்கி வந்து போட்டேன். ஆஹா என்று போய்க்கொண்டிருந்தது... திடீரென்று மௌனம். குரலும் இல்லை, கிற்றாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலப் பாட்டுத் திரும்ப வருகிறது. அடுத்த வரி முடிந்ததும் மறுபடியும் மௌனம்!

ஊசியை மாற்றினேன். பிளேயரின் கை மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தேன். ஸ்பீக்கரை இரண்டு தட்டுத் தட்டினேன். ம்ஹும். பாட்டு நிற்கிற போதெல்லாம் குசினியில் சமைத்துக்கொண்டே என் மனைவி ராஜி வேறு ஏதோ உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் சும்மா இரு ராஜி! தட்டு எங்க நிக்குதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன்.”

“சரிங்க தொர. நல்லாப் பாருங்க.”

நல்லாப் பார்த்தேன். எழுதியும் விட்டேன்: குரல் பிரமாதம், ஆனால் ஊசி மாற்றியும் சரிவரவில்லை, தட்டில் பழுது; வாங்கியவர்கள் கடையில் கொடுத்து நல்லதாக மாற்றிக்கொள்ளவும். எவ்வளவு அக்கறை பாருங்கள் எனக்கு!

பத்தி வெளியான பிறகு டவுனுக்குப் போனால், ரெக்கோட் கடை ஹனீபா நானா நடு ரோட்டிலேயே என்னை மறித்தார்.

“வாங்க வாங்க, எழுத்தாளர் ஐயா. ஒங்கட பேப்பரக் கைல புடிச்சிக்கிட்டே ஆக்கள் வாராங்க. மாத்திக் குடுங்கங்கிறாங்க. எதுக்கு மாத்துற? எல்லாத் தட்டும் அப்படித்தான் இரிக்கி!”

“அப்ப எல்லாமே பழுதா நானா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையை அச்சில் ஏற்ற முடியாது.

“பழுது தட்டுல இல்ல ஐயா. அந்தப் புள்ள என்ன சொல்லிட்டா தெரியுமா? சனிக்கிழம டவுன் ஹோல்ல பாடப் போறா. ஊர் ஆக்கள் ஏத்துக்கல்லாட்டி, கிற்றார ஒறைக்குள்ள போட்டு ஜிப்ப இழுத்துருவாவாம். அதோட சரி. கொழும்புல இருந்து ஒரு கடைக்காரரும் வாராரு. ஹோலப் பாத்துட்டுத்தான் தட்டு எடுக்கிறதாம்.”

அங்கேயே இரண்டு டிக்கட் கேட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை ஹோல் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் பாட்டுக் கேட்க வந்தவர்கள். மீதிப் பேர் பழுது பார்க்க வந்தவர்கள் — என் வாசகர்கள்! நானும் ராஜியும் மூன்றாவது வரிசை. முன் வரிசையில் கோட் போட்ட கொழும்புக்காரர்.

புவனா மேடைக்கு வந்தார். வணக்கம், அவ்வளவுதான். விளக்கம் ஒன்றும் இல்லை. கிற்றாரை மீட்டிப் பாட்டை எடுத்தார்.

“பல்லேபொல பஸ்ஸு வந்து பகலாகிப் போச்சு — எங்கடி போனான் உன் மச்சான்?”

நிறுத்தினார்.

கிற்றாரும் நின்றது. ஹோலில் ஒரு சத்தம் இல்லை. எவனோ செருமினான். பின்னால் யாரோ, “பேப்பர்ல போட்டது சரிதான்டா” என்றான். கொழும்புக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புவனா அசையவில்லை. விரல் கம்பி மேலேயே இருந்தது. ஆனால் முகம் வெளுத்துக்கொண்டே போனது. எனக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துவிடலாம் போல இருந்தது.

அப்போதுதான் பக்கத்தில் ராஜி எழுந்தாள். அதே மெட்டில், குசினிக் குரலில்:

“பேக்கரியில பாண் கியூவுல நிக்கிறான்டி!”

ஹோல் குலுங்கியது. புவனாவின் கை கம்பியில் இறங்கியது. அடுத்த சரணம். அதே கேள்வி, அதே மௌனம். இந்தத் தடவை பின்வரிசைப் பெண்கள் கூட்டமாக:

“நாவுல ஊர்ச் சந்தையில கத்தரிக்கா விக்கிறான்டி!”

அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. ஒவ்வொரு இடைவெளிக்கும் பத்துப் பதில். மூன்றாவது சரணத்தில் ஹனீபா நானா எழுந்து நின்றார்.

“ஊட்டுல குந்தி ஊசி மாத்துறான்டி!”

சிரிப்பில் கூரை போகாதது ஆச்சரியம். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நானும் யாரையோ தேடுவது போலப் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

“என்னடி இது?” என்றேன் ராஜியிடம் மெதுவாக.

“எங்க பக்கம் மெளகு உதிர்க்கிறப்ப சுத்தி ஒக்காந்து இப்படித்தாங்க பாடுவோம். ஒருத்தி கேட்டுட்டு நிப்பாட்டுவா. மத்தவங்க வாய்க்கு வந்ததச் சொல்லணும். பதில் வராட்டி அடுத்த வரி கெடையாது.”

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!”

“சொல்ல விட்டீங்களா? சும்மா இருன்னீங்க.”

நாம் பேனாக்காரர்கள் இப்படித்தான். அடுத்தவர் பேசுவதற்காக ஒருத்தி இடம் விட்டால், நமக்கு அது பழுதாகத் தெரிகிறது!

நான்காவது பாட்டு முடிந்தபோது யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கொழும்புக்காரர் கோட்டைக் கழற்றிவிட்டுக் கை தட்டிக்கொண்டிருந்தார். மேடையை விட்டு இறங்கிய புவனாவிடம் அங்கேயே தட்டுகளுக்கு ஓர்டர் கொடுத்தார். பழுதென்று கடையில் கொடுத்துவிட்டுப் போன தட்டைத் திரும்பக் கேட்டு வந்தவர்களை ஹனீபா நானா கியூவில் நிற்க வைத்தார். திங்கட்கிழமை நாலந்தா பஸ்ஸில் கொண்டக்டர் கேள்வியைப் பாட, பஸ்ஸே பதில் பாடியதாகக் கேள்வி. கிற்றாருக்கு உறை தேடுகிற வேலை இனி இல்லை.

அன்று ஹோலில் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் புவனாவிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அது நானா?

“ஒண்ணு யோசிச்சுப் பாருங்க தங்கச்சி. நான் அப்படி எழுதினதாலதானே ஹோல் நெறஞ்சுது? இந்த வெற்றியில எனக்கும் ஒரு பங்கு இருக்குதானே?”

புவனா கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“முழு ஹோல்லயும் வாயத் தொறக்காத ஆளு நீங்க ஒருத்தர்தான், அண்ணே.”