அவருக்கு மிஞ்சிய ஒரே சொல்

பக்கவாதம் வந்து என் வீட்டுக்காரரின் வலது கையையும் காலையும் பேச்சையும் ஒரேயடியாக வாரிக்கொண்டு போனது. ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தது. ஸ்தோத்திரம்.

விட்டுவைக்காமல் என்ன செய்யும்? வாழ்நாள் முழுக்க மனிதர் கர்த்தருக்கு நன்றியாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்! போனை எடுத்தால் ஸ்தோத்திரம், பால்காரருக்கு ஸ்தோத்திரம், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரு ஸ்தோத்திரம்.

"ரொம்பப் பழகின வார்த்தை சில சமயம் தப்பிச்சிக்கும்மா. அர்த்தத்தோட சொல்றார்னு நினைச்சிடாதீங்க" என்றார் டாக்டர். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதே சொல்தான். சாம்பாரில் உப்பு கூடினாலும் அதுதான். டிவியை நிறுத்தச் சொல்வதென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். குரலையும் இடது கையையும் வைத்து நான் புரிந்துகொள்வேன்.

எங்கள் சபையார் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். பருத்திப்பட்டில் எங்கள் ஃப்ளாட்டுக்கு ஜெபிக்க வந்த கீழ்வீட்டு அக்கா, அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதும் அழுதே விட்டார். "எல்லாம் போயும் துதி போகல பாரு! இன்னா விசுவாசம்டி உன் ஊட்டுக்காரருக்கு!" இவர் அப்போது கேட்டது முதுகைச் சொறிந்துவிடச் சொல்லி. அதை நான் எந்த வாயால் சொல்வேன்?

எனக்கோ ஜெபமே நின்றுபோயிருந்தது. முழங்கால் போட்டால் வாய் திறக்காது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கெஞ்சிய கெஞ்சல்தான் ஞாபகம் வரும். அத்தனை உண்மையாக இருந்த மனிதரையே இப்படி உட்கார வைத்தவரிடம் இனி என்ன பேச்சு? அந்தப் பக்கம் கேட்க ஆளே இல்லையோ என்றுகூடத் தோன்றியது. அவருடைய பக்தியும் என்னுடைய பக்தியும் வெறும் வாய்ப்பழக்கம்தானோ? வெளியே சொன்னால் எனக்கும் சேர்த்து உபவாச ஜெபம் போட்டுவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கர நாற்காலியில் அவரை ஆராதனைக்கு அழைத்துப் போனேன். சாட்சி நேரத்தில் யாராவது எழுந்து, கர்த்தர் தமக்குச் செய்த நன்மையைச் சொல்வது வழக்கம். அன்று பாஸ்டர் மைக்கோடு நேராக எங்களிடமே வந்துவிட்டார்.

"ஸ்தோத்திரம்" என்றார் இவர். சபையே எழுந்து நின்றது. கைதட்டல், அல்லேலூயா, போதாததற்குக் கீபோர்டு வேறு. "இன்னொரு தரம் சொல்லுங்க பிரதர்!" இவர் கத்தினார். அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். நான் இவருடைய இடது கையைப் பார்த்தேன். அது வேட்டி முடிச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க! அவருக்கு பாத்ரூம் போகணும்!" என்று நான் போட்ட சத்தம் மைக்கில் விழுந்து தெரு வரைக்கும் கேட்டிருக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாற்காலியைத் தள்ளுவதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. கீழ்வீட்டு அக்கா ஓடிவந்து ஒரு துண்டை அவர் மடியில் போட்டு மூடினார். "எனக்குத் தெரியாம பூட்சிடி" என்றார். நான் நாற்காலியை வாசல் பக்கம் தள்ளினேன்.

வீட்டில் குளியலறை ஸ்டூலில் அவரை உட்காரவைத்து வெந்நீர் ஊற்றினேன். அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "எதுக்குங்க ஸ்தோத்திரம்? இதுக்கா? இந்தக் கோலத்துக்கா?"

அவர் வேறு என்னவோ சொல்லப் பார்த்தார். உதடு கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் வந்தது அதே சொல்தான். இல்லை இல்லை என்று தலையாட்டி, இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். அவரும் கர்த்தரோடு சண்டைதான் போட்டுக்கொண்டிருக்கிறார், அதற்குக்கூட வேறு சொல் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையைப் பிடித்துத் தடுத்தேன். அவர் அந்த ஈரக் கையை விடுவித்து என் தலைமேல் வைத்தார். முன்பெல்லாம் குடும்ப ஜெபம் முடிந்ததும் வைப்பார். வைத்து, மெதுவாக அதையே சொன்னார்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அரைகுறை மனுஷி எனக்கே அந்த ஒரு சொல்லில் அவருடைய தாகமும் முதுகு அரிப்பும் புரிகிறது. மேலே இருப்பவருக்கு இதுகூடப் புரியாமலா போகும்?

கோபம் ஆறவில்லை. இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை. ஆனால் எத்தனையோ மாதம் கழித்து அன்று வாய் திறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நானும் சொன்னேன், ஸ்தோத்திரம் என்று. மேலே இருப்பவர் புரிந்துகொள்ளட்டும்.