அக்கரையில் ஒரு மூன்றாம் மாடி

இருபது வருடமாக அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிற வேலை. குத்துவதே தெரியாது என்பதால் வருகிறவர்கள் அவளை 'நோகாத அக்கா' என்பார்கள். வயது நாற்பத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம், வேலைக்கு நடந்தே போகிற தூரத்தில் அம்மாவோடு குடியிருந்தாள். அண்ணன் இரண்டு தெரு தள்ளிக் குடும்பத்தோடு இருந்தான்.

ஒருநாள் சர்க்கரை பார்க்க ஒருவர் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு அவளையே பார்த்தார். பதினாறு வருடத்துக்கு முன் பெண் பார்க்க வந்தவர். பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய், பிறகு பதிலே சொல்லாதவர். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இப்ப உங்களுக்கு வலிப்பு வர்றதில்லையா? ஊசி பிடிக்கிற வேலையாச்சேன்னு கேட்டேன்."

அவளுக்கு ஆயுளில் ஒருமுறைகூட வலிப்பு வந்ததில்லை. யார் சொன்னது என்று கேட்டாள். அம்மாதான் மறுநாள் தனியாக அவர் வீட்டுக்குப் போய், மறைத்துக் கட்டிக்கொடுத்தால் பாவம் என்று கண்கலங்கிச் சொன்னாளாம். அவருக்கு முன்னும் பின்னும் வந்த நான்கு பேர் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ரத்தத்தை எடுத்து, குழாயில் பெயர் எழுதி ஒட்டி, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி அனுப்பினாள்.

வீட்டில் எதுவும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கரையில் வீடு பார்க்கப் போனாள். வேலை இங்கே இருக்க, பாலத்தைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் இடிபட யார் வீடு தேடுவார்கள்? தரகர் தரைத்தளத்தில் காற்றோட்டமாக ஒன்று காட்டினார். வேண்டாம் என்றாள். லிஃப்ட் உள்ள கட்டடம் காட்டினார். அதுவும் வேண்டாம். கடைசியில் டயர் கிடங்குக்குப் பின்னால், செங்குத்தான படிகள் வைத்த பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. பார்த்ததும் சரி என்றாள்.

வீட்டில் பெரியவர்கள் உண்டா என்று தரகர் கேட்டார்.

"அம்மா இருக்காங்க. முட்டி தேஞ்சுபோச்சு, படி ஏற முடியாது."

"அப்புறம் எதுக்கும்மா இது?"

"அதுக்குத்தான்."

தரகர் சாவியை எடுத்து நீட்டினார்.

அம்மாவை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பெட்டியோடு போய்விட்டாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று அண்ணி தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள். கிழவி தன் தலையில் விடிந்த ஆத்திரம் அவளுக்கு.

மூன்றாவது மாதம் அம்மா தனியாகவே பஸ் ஏறி வந்தாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்து இரண்டாம் மாடிவரை ஏறியவள், முடியாமல் படியில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டாள். மகள் இறங்கி வந்து நான்கு படி மேலேயே நின்றாள். வலிப்பைப் பற்றிக் கேட்டாள்.

அம்மா மறுக்கவில்லை. "சொல்லலைன்னா நீ போயிருப்ப. எனக்கு யாருடி இருந்தா?"

"இப்பவும் போயிட்டேனே."

அம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டாள். மகள் கொண்டுவந்து கொடுத்து, குடித்து முடிக்கும்வரை நின்று, டம்ளரை வாங்கிக்கொண்டு மேலே போய்க் கதவைச் சாத்தினாள். அம்மா இறங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. முனகல் ஓயும்வரை மகள் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். திறக்கவில்லை.

அடுத்த வருடம் அம்மா அண்ணன் வீட்டில் இறந்தாள். மகள் போனாள், அழவில்லை, நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்பினாள். இனி இந்தப் பக்கமே வந்துவிடலாமே என்று கூட வேலை செய்பவர்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீடுகூடப் பார்த்துக் கொடுத்தார்கள். பழகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மூன்றாம் மாடியில் பத்து மணிவரை தூங்குகிறாள். அந்தத் தூக்கத்தை விட்டுவர அவளுக்கு மனமில்லை.